ஊருக்குப் போகாத பறவைகள்

மே மாதக் கடைசியில் மும்பைத் தமிழர்கள் வாழும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறியவர்கள் பள்ளி திறக்கும் சமயத்தில்தான் திரும்புவார்கள். மும்பைப் பறவைகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். குளிர்காலம் முழுக்க கேட்வே படகுகளைச் சுற்றி வந்து, பயணிகள் வீசும் காராச்சேவைக் கொத்திய கடற்காகங்கள் கோடை முற்றும் முன்பே வடக்கே போய்விடுகின்றன. உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் பின்னாலேயே கிளம்பிவிடும். பறவை பார்க்கும் நண்பர்கள் பலர் பைனாகுலரை உறையில் போட்டு, "இனி மழைக்கு அப்புறம்தான்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விருந்தாளிகள் போன பிறகுதான் வீட்டுக்காரர்களை நிதானமாகப் பார்க்க முடிகிறது. அதுவும் அவர்கள் கல்யாண உடையில் இருக்கும்போது.

அப்படிப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் பாந்த்ரா கோட்டை முனை. கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் அடுத்தது மாஹிம், அதற்கடுத்தது பாந்த்ரா. அங்கிருந்து ஆட்டோ. இந்தமுறை அண்ணாச்சியும் வந்தார். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். பைனாகுலர் தொடமாட்டார். ஆனாலும் பாறையில் எது அசைந்தாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் காலை ஆறு, ஏழு மணிவாக்கில் நன்றாக வற்றிவிடும், நண்பகலில் ஏறிவிடும். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்களும் உண்டு. காலையில் போனால் கோட்டையை ஒட்டிய கடற்கரை நடைபாதையான பாண்ட்ஸ்டாண்ட் ஓரமாகக் கறுத்த எரிமலைப் பாறைகள் வெகுதூரம் வெளியே கிடக்கும். இடுக்குகளில் குளம் குளமாகத் தண்ணீர், அதில் நண்டும் மீன் குஞ்சும். மும்பை மீனவர்களான கோலி இனத்துப் பெண் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்ன இரும்புக் கருவியால் பாறையில் ஒட்டிய சிப்பிகளைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து பத்தடி தள்ளி ஒரு கொக்கு, அவரைச் சட்டை செய்யாமல் தன் வேலையில் இருந்தது.

சாம்பல் கறுப்பு உடம்பு, தொண்டையில் மட்டும் வெள்ளை. பறவை பார்ப்பவர்கள் ரீஃப் ஈக்ரெட் என்று சொல்லும் கரைக்கொக்கு. உள்நாட்டு ஏரி, வயல் பக்கம் இதை அநேகமாகப் பார்க்க முடியாது. உப்புத் தண்ணீரும் பாறையும் சேறும்தான் இதன் உலகம். மற்ற கொக்குகள் தவம் செய்யும், இது ஓடும். நாலு எட்டு ஓடி, சட்டென்று திரும்பி, ஒரு இறக்கையை விரித்து, குத்தும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்து இறங்கியது. அது முழு வெள்ளை.

"அதுவும் இதே கொக்குதான் அண்ணாச்சி."

"என்ன தம்பி, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளை. ரெண்டும் ஒரே சாதின்னு சொல்லுதீய?"

ஒரே இனம்தான். இரண்டு நிறத்திலும் பிறக்கும், இரண்டும் ஜோடி சேரும், நடுவாந்தரமாகத் திட்டுத் திட்டாக இருப்பவையும் உண்டு. வெள்ளையைச் சின்னக்கொக்கிலிருந்து பிரித்தறிவதுதான் தலைவலி. அலகைப் பார்க்க வேண்டும். சின்னக்கொக்கின் அலகு ஊசியாய்க் கறுத்திருக்கும். இதற்குக் கொஞ்சம் தடிமன், பெரும்பாலும் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். இனப்பெருக்கக் காலத்தில் அலகும் கால்களும் நிறம் மாறி நம் கணக்கைக் குழப்பும் என்பது வேறு விஷயம். அன்றைக்குக் கறுப்பின் பிடரியில் இரண்டு நீள இறகுகள் தொங்கி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மழை தொடங்கினால் கூடு கட்டும், அதற்கான அலங்காரம்.

அலங்காரத்தில் முதல் பரிசு மடையானுக்குத்தான். ஊரில் குருட்டுக்கொக்கு என்போமே, அது. மற்ற மாதங்களில் சேற்று நிறத்தில் கோடு போட்டுக்கொண்டு பக்கத்தில் போனாலும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். மேயில் முதுகு முழுக்க அரக்குப் பட்டு, கழுத்து மஞ்சள், கால்கூடச் சிவந்துவிடும். மாஹிம் பக்கம் பார்த்த பாறையில் நின்ற ஒன்றை அண்ணாச்சி வெகுநேரம் புதுப் பறவை என்றே நம்பினார். அது எழுந்து பறந்து, உள்ளே ஒளித்து வைத்திருந்த வெள்ளை இறக்கைகளைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

பைனாகுலரோடு பாண்ட்ஸ்டாண்டில் நிற்பதில் ஒரு சங்கடம் உண்டு. வெயில் ஏற ஏறப் பாறைகளில் குடைகள் முளைக்கும், ஒவ்வொரு குடைக்குப் பின்னாலும் ஒரு ஜோடி. நாம் கொக்கைத்தான் பார்க்கிறோம் என்று யாரிடம் போய் விளக்குவது? "கீழ இறக்கும் தம்பி, அடி வாங்கித் தராதீரும்" என்றார் அண்ணாச்சி.

சரி என்று கோட்டைக்கு ஏறினோம். 1640இல் போர்த்துகீசியர் கட்டியது. மிச்சமிருப்பது கொஞ்சம் சுவரும் வளைவும்தான். இப்போது இங்கே கூட்டம் வருவது கோட்டைக்காக இல்லை, எதிரே தெரியும் சீ லிங்க்கைப் படமெடுக்க. 2009இல் திறந்த பாலம். அதற்கும் நமக்கும் நடுவே உள்ள மாஹிம் விரிகுடாவின் மேல் கள்ளப்பருந்துகள் வட்டமிட, நடுவில் ஒரு செம்பருந்து. கருடனைப் பார்த்ததும் அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கையும் தானாக எழுந்தது.

மரங்களில் காகக் கூடுகள். குச்சியோடு கம்பித் துண்டுகளையும் வைத்துக் கட்டியிருந்தன, மும்பைக் காகங்களுக்கு அது சர்வ சாதாரணம். அவற்றைச் சுற்றித்தான் குயில்களின் கூச்சல். ஆண் குயில் காகங்களைச் சீண்டி இழுத்துப் போக, பெண் குயில் புள்ளி போட்ட உடம்போடு இலைக்குள் சத்தமில்லாமல் காத்திருந்தது. இதைப் பார்க்க எந்த சரணாலயத்துக்கும் போக வேண்டாம். நாங்கள் அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

பறவையியலாளர் சாலிம் அலி வாழ்ந்த பாலி ஹில் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். 1930 வாக்கில், வேலையில்லாமல், மும்பைத் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் கீஹிம் கிராமத்தில் தங்கியிருந்தவர், வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளைத்தான் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி, பெண்ணுக்குப் பிடித்தால் முடித்துக் கொடுத்து, உடனே அடுத்த கூட்டையும் அடுத்த பெண்ணையும் தேடிப் போகிறது என்று அவர் கண்டறிந்தது அப்படித்தான். அவர் பெயரை நிலைநாட்டிய வேலை அது. அரிய பறவையைத் துரத்திக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் கார் ஓட்டும் நண்பர்களுக்கு இதை அடிக்கடி சொல்கிறேன். அவர்கள் கேட்பதாக இல்லை.

இறங்கும்போது நீர் ஏறத் தொடங்கியிருந்தது. கடைசிப் பாறையில், கீழ்நோக்கி வளைந்த அலகோடு ஒரு விம்ப்ரெல், இதுவும் உள்ளான்களைப் போல வலசை வரும் விருந்தாளி. எல்லோரும் வடக்கே போய்விட்ட பிறகு இதற்கு இங்கே என்ன வேலை? இனப்பெருக்க வயது வராத இளம் பறவைகள் இப்படிக் கோடையை இங்கேயே கழிப்பதுண்டு.

போக நினைப்பவர்கள் ஜூன் தொடக்கத்துக்குள் போய்விடுங்கள். மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 11. அதையொட்டி ஆப்பிரிக்காவிலிருந்து சுடலைக்குயிலும் வந்து சேரும். அடிப்பாகம் வழுக்காத செருப்பு போடுங்கள், பாசி பொல்லாதது. மழை பிடித்துவிட்டால் பாறைக்கு இறங்கவே வேண்டாம், பாண்ட்ஸ்டாண்டில் அலை இழுத்துப்போன உயிர்கள் பல. அந்த மாதங்களில் கோட்டைச் சுவரோரம் நின்று கடலைப் பாருங்கள். பெருங்காற்று அடித்த மறுநாள், நடுக்கடலில் மட்டுமே திரியும் ஆலாக்கள் சில சமயம் கரையோரம் ஒதுங்கும்.