அம்மாவின் கால்மாட்டில்

மார்ச் 2, சனி
கன்னடியன் கால்வாய்ப் பக்கம் அறுப்பு முடிந்துவிட்டது. பிசான நெல் அறுத்ததும் வயலில் கிடந்த எலியெல்லாம் தெருவுக்குள் ஏறிவிடும், வருஷா வருஷம் இப்படித்தான். ராத்திரி மச்சில் ஓட்டம். காலையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் புழுக்கை. அரிசி நீளம்தான் இருக்கும், இரண்டு பக்கமும் கூர்மை. சுண்டெலி. பெரிய எலி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அம்மா தரையில்தான் படுப்பேன் என்கிறாள்.

மார்ச் 4
டிரம் மூடியை ஓரமாகக் கறும்பிவிட்டது. பிளாஸ்டிக்கெல்லாம் அதன் பல்லுக்கு முன்னால் நிற்காது. அரிசியை அண்டாவுக்கும் உளுந்தைத் தகர டின்னுக்கும் மாற்றினேன். அது வாய் வைத்ததை அப்படியே கொட்டியாயிற்று. புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்கக் கூடாது, தூசியாகப் பறக்கும். பிளீச்சிங் பவுடர் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் துடைத்தேன். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தில்தான் வருகிறது. இந்தச் சர்க்கரைக் காலோடு அம்மா ஈரத்தில் நடக்கிறாளே.

மார்ச் 5
தூக்கமில்லை.

மார்ச் 7
அம்மாவுக்குக் கால் மரத்துப்போய் ரொம்ப நாளாயிற்று. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்து போவாள். சர்க்கரைக்காரர்கள் காலை எலி கடிப்பது புதிதில்லை. வலி கிடையாது, தூக்கம் கலையாது, விடிந்ததும் பாயில் ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதற்கப்புறம் புண் ஆறுவது எப்போது? பக்கத்துத் தெருத் தாத்தாவுக்கு ஒரு விரலில் ஆரம்பித்தது. அதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

படுக்கப் போகும்முன் காலைக் கழுவிவிடுகிறேன். மீன் குழம்பு வாசனை துளி இருந்தாலும் அது தேடி வரும். விரல் இடுக்கெல்லாம் துணியால் ஒற்றி எடுத்து, சாக்ஸ் மாட்டிவிட்டால், தூக்கத்திலேயே உருவி எறிந்துவிடுகிறாள். நடு ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பெருவிரல், குதிகால், குதிகாலில் அந்தப் பித்தவெடிப்பு, அப்புறம் இடது சுண்டுவிரல். அதில் நகமே பாதிதான் இருக்கிறது.

“ஏளா, போய்ப் படு. என் காலு என்ன பவுன்லயா செஞ்சிருக்கு?”

மார்ச் 8
எதிர்வீட்டு மதினி எலிப் பசை வாங்கி வைக்கச் சொல்கிறாள். மாட்டவே மாட்டேன். மஞ்சள் பாஸ்பரஸ் அது. தெரியாமல் மனுஷர் வாயில் போனால், முதலில் வாந்தி எடுத்து, ஓரிரு நாள் தெளிந்த மாதிரி இருந்து, அப்புறம் ஈரலை முடித்துவிடும். மாற்று மருந்தே கிடையாது. மதினியின் பேத்தி நாள் முழுக்க இங்கேதான் தவழ்கிறது.

மார்ச் 10
பொறியில் வைத்த மசால்வடையைச் சீண்டவில்லை. நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு வைத்தேன். பொறியை நடுவீட்டில் வைத்துப் பயனில்லை, சுவரை ஒட்டித்தான் அது ஓடும். அடுக்களைச் சுவரோரம் வைத்தேன். விடியுமுன்னே விழுந்துவிட்டது.

மார்ச் 11
இன்னொன்று. வயிற்றில் முலைக்காம்பு துருத்திக்கொண்டிருக்கிறது, குட்டி போட்டது. வயிற்றில் இருப்பதே 20 நாள்தான், ஒரு ஈட்டுக்கு ஐந்தாறு. எங்கே போட்டிருக்கும்? உள்ளறையான அரங்கு வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். அம்மா கல்யாணத்துப் பத்தமடைப் பாய் பழைய வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தது. பிரித்தால் நடுவில் கோரை பொடிப்பொடியாக, வேட்டி நூல் பஞ்சு பஞ்சாக. அதற்குள் கண் திறக்காத ரோஸ் நிறக் குட்டிகள்.

அம்மா பாயை விரித்து அந்த ஓட்டை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. குட்டிகளை நான் பார்த்துக்கொண்டேன். அதை எழுத வேண்டாம்.

மார்ச் 14
கொத்தனார் வந்தார். கால் அங்குலச் சந்து இருந்தால் போதும், சுண்டெலி புகுந்துவிடும். கழுநீர் போகும் அங்கணக்குழி வாய்க்குக் கம்பி வலை. சுவர் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினார். வெறும் சிமெண்ட் மட்டும் என்றால் காய்வதற்குள் தோண்டிவிடுமாம். கதவுக்கு அடியில் தகரம் அடித்தாயிற்று.

மார்ச் 17
சத்தமே இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 19
இடது சுண்டுவிரல் நுனியில் காயம். ஒரு மிளகு அளவு, சுற்றிலும் ரத்தம் காய்ந்திருக்கிறது. எலியா, கோரை குத்தியதா? சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டிடி ஊசி, மாத்திரை. காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொன்னார்கள்.

இன்றிலிருந்து கட்டில்தான். அம்மா அழுதாள். நானும்தான்.

மார்ச் 20
தம்பி போன். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு எல்லாரும் போவோம் என்கிறான். அந்த வெயிலில், அந்த மணலில், வெறுங்காலோடு. “நீ வந்து அம்மா காலைப் பார்த்துட்டு அப்புறம் பேசு” என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 21
காய்ச்சல் இல்லை. கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். கொசுவலையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகியாயிற்று.

பதினோரு மணிக்கு அடுக்களை முகட்டில் ஓடு நகர்கிற சத்தம். அந்த இடத்தைக் கொத்தனார் பார்க்கவில்லை. இந்நேரத்தில் போன் அடித்தேன், எடுத்தார். காலையில் ஏணியோடு வருகிறார்.