வாஷிங்டன் மாதா கோயிலில் திருத்தந்தையின் மும்முடி

வாஷிங்டனில் அமலோற்பவ மாதா பேராலயத்துக்குப் போகும் நம் மக்கள் முதலில் தேடுவது அங்கே இருக்கும் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா சிற்றாலயத்தைத்தான், 1997இல் அர்ச்சிக்கப்பட்டது. நாங்களும் அங்கே செபமாலை சொல்லி முடித்துவிட்டு, அப்புறம் கீழ்த்தளத்து நினைவு மண்டபத்துக்குப் போனோம். புனித ஆறாம் பவுல் திருத்தந்தையின் மும்முடி, அதாவது திருத்தந்தையர் சூடிய மூன்று வளைய மகுடம், அங்கேதான் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

இத்தாலியின் மிலான் நகர மக்கள், முன்பு தங்கள் பேராயராக இருந்த அவருக்கு ஆசையாகச் செய்து கொடுத்த முடி அது. வழவழவென்று உயர்ந்து, மேலே போகப்போகக் குறுகி, சுற்றிலும் மூன்று வளையங்கள். பக்கத்திலேயே, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் தொடக்க நாளில், அவருக்கு முந்தைய திருத்தந்தை 23ஆம் யோவான் அணிந்த ஸ்டோலா, தோளில் போடும் நீண்ட பட்டை.

இந்த மூன்று வளையங்களும் ஒரே நாளில் வந்தவை அல்ல. ரோமில் சாந்தி குவாத்ரோ கொரோனாத்தி ஆலயத்தில் 1246இல் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் திருத்தந்தை சில்வெஸ்தருக்கு ஓவியர் தன் காலத்து வெள்ளைக் கூம்பு முடியையே வரைந்துவிட்டார், அதனால்தான் 13ஆம் நூற்றாண்டில் முடி எவ்வளவு எளிமையாக இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. இரண்டாவது வளையம் 1300ஐ ஒட்டி, திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் காலத்தில் சேர்ந்தது. 1316 வாக்கில் எழுதிய திருத்தந்தையரின் கருவூலக் கணக்கில் மூன்று வளையங்களும் வந்துவிட்டன. பிறகு கொள்ளை, போர், உருக்கல் என்று எத்தனையோ முடிகள் போயின. 1800இல் திருத்தந்தை ஏழாம் பயஸ் வெனிஸில் சூடியது காகிதக் கூழில் செய்த முடி!

முடிசூட்டுச் சடங்கில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. திருத்தந்தை பவனியாக வரும்போது அவர் கண்முன்னே சணல் நாரைக் கொளுத்துவார்கள், அது குப்பென்று எரிந்து அடங்கும், “பரிசுத்த தந்தையே, உலக மகிமை இப்படித்தான் கடந்துபோகிறது” என்று மூன்று முறை சொல்வார்கள். 1963 ஜூன் 30 அன்று முடிசூடிய ஆறாம் பவுல் அதை மனதில் வாங்கிக்கொண்டார் என்றே நான் நம்புகிறேன். அடுத்த வருடம் நவம்பர் 13 அன்று, சங்கம் நடந்துகொண்டிருந்தபோதே, பேதுரு பேராலயத்தில் தன் இருக்கையிலிருந்து இறங்கிவந்து மும்முடியைப் பீடத்தின்மேல் வைத்தார், ஏழைகளுக்காக. அதே டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்தவர், தான் பயணம் செய்த காரையும் அன்னை தெரேசாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஏழைகளுக்கு உதவிய அமெரிக்கக் கத்தோலிக்கர்களுக்கு நன்றியாக, முடி 1968இல் இந்தப் பேராலயத்துக்கு வந்து சேர்ந்தது. அவருக்குப் பின் எந்தத் திருத்தந்தையும் முடிசூடவில்லை.

பேழைக்கு முன்னால் முழங்கால் போட இடமில்லை, நின்றபடியே ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். செப்டம்பரில் மாதா திருவிழாவுக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து கீழ்த்தளத்தையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.