கருத்து மேடம்

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்து இரண்டு நாள். ஆபீஸில் கொடுத்த கடிதத்தில் என் வேலை ஒரே வரி: "திட்டத்துக்கு மக்கள் ஆதரவைத் திரட்டுதல்." தொழிற்பேட்டை வரப்போகும் ஊரின் பெயர் இங்கே வேண்டாம். பாலாற்றுக்குத் தெற்கே, ஏரிப்பாசனமும் மல்லாட்டையும் (நிலக்கடலை) உள்ள ஊர். அது போதும்.

ஏரிக்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம் வழவழப்பான கையேட்டை நீட்டினேன். அட்டையில் புல்வெளி, கண்ணாடிக் கட்டடம். புல்வெளியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஆடு உடுவாங்களா?" என்றது.

என் படிவத்தில் சர்வே எண், பட்டா எண், பரப்பளவு என்று கட்டங்கள் உண்டு. ஆட்டுக்குக் கட்டம் இல்லை. ஆயாவுக்குப் பட்டாவும் இல்லை, மேய்க்கால் புறம்போக்குதான், அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்தான் பிழைப்பு.

மத்திய அரசின் 2013 நில எடுப்புச் சட்டம் மூன்று வருஷமாக அந்த மண்ணை நம்பிப் பிழைக்கும் கூலிக்காரர், குத்தகைக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. தனியாருக்கு எடுத்தால் 80 சதவீதம் பேர், அரசு-தனியார் கூட்டு என்றால் 70 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு மாநிலத்தின் சொந்த 1997 நில எடுப்புச் சட்டத்தில் எடுக்கலாம். அதை உயர் நீதிமன்றம் 2019இல் செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபை புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆக இழப்பீட்டுக் கணக்குக்கு 2013 சட்டம், சம்மதம் கேட்காமல் இருக்க 1997 சட்டம். இதை ஆயாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

ஜூலை 26, வெள்ளி

சுற்றுச்சூழல் அனுமதிக்கான மக்கள் கருத்துக்கேட்பு அறிவிப்பு பேப்பரில் வந்துவிட்டது. குறைந்தது முப்பது நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கமும் வந்தது. எந்தப் புண்ணியவான் மொழிபெயர்த்தானோ, ஆலை என்ற அர்த்தத்தில் வரும் "பிளான்ட்"டைச் செடியாக்கி, "கழிவுநீர் சுத்திகரிப்புச் செடி" என்று பதினோரு இடத்தில் இருக்கிறது. டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசித்து, "எங்க ஊர்ல கருவேலஞ்செடிதான் மேடம் இருக்கு" என்றார். நானும் சிரித்தேன்.

சிரிப்பு வராத இடம் ஒன்பதாம் பக்கம். "திட்டப் பகுதியில் ஒரு பருவகால ஓடை உள்ளது." ஊரில் யாரும் அதை ஓடை என்று சொல்வதில்லை. அது வரத்துக்கால், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரே வழி. ஓடையைத் திருப்பி விடலாம். வரத்துக்காலை அடைத்தால் ஏரி போச்சு, மதகுக்குக் கீழே உள்ள அத்தனை நஞ்சையும் போச்சு. சென்னைக்கு போன் போட்டேன். "பிரிண்ட் ஆயிடுச்சும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

ஆகஸ்ட் 3, சனி

பதினெட்டாம் பெருக்கு. பம்புசெட் தொட்டியடியில் பூ, மஞ்சள், சித்திரான்னம். எனக்கும் ஒரு தட்டு எலுமிச்சை சாதம் கிடைத்தது. இன்றைக்குப் படிவம் எடுக்கவில்லை.

டிப்ளமோ முடித்த தம்பி ஒருவன் தன் போனைக் காட்டினான். "ரோடு சார்", "சர்வே சார்", "சர்வே சார் புது", "வேலை சார்". ஒவ்வொன்றாக ஸ்பீக்கரில் போட்டான். ஒன்று உபயோகத்தில் இல்லை, ஒன்று ஸ்விட்ச் ஆஃப். மூன்றாவதை எடுத்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர், தினம் இந்த மாதிரி போன் வருகிறது என்று திட்டினார். நாலாவது, "வேலை சார்", பத்து வருஷத்துக்கு முன் பக்கத்து ஊரில் நிலம் வாங்கிய கம்பெனிக்காரர், வீட்டுக்கு ஒரு வேலை என்றவர். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

"கம்பெனி வேணாம்னு சொல்லலக்கா. எனக்கும் வேலை வேணும். ஆனா எல்லாரும் வாயாலயே சொல்லிட்டுப் போயிடறாங்க."

என் நம்பரையும் வாங்கி "கருத்து மேடம்" என்று சேமித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மேனேஜர் வெளிநாட்டு உதாரணம் ஒன்று வேண்டும் என்றார், ஸ்லைடுக்கு. ராத்திரி உட்கார்ந்து பின்லாந்தின் எவுராயோக்கியைப் பற்றி எழுதினேன். அணு உலைக் கழிவைப் பாறைக்கடியில் புதைக்கும் கிடங்குக்கு இடம் கொடுத்த ஊர். அந்த ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கும் ஒல்கிலுவோட்டோ தீவில் 1970களின் கடைசியிலிருந்தே அணு உலை ஓடுவதால் அந்தக் கம்பெனிக்காரர்களோடு பல வருஷப் பழக்கம். அங்கே ஊர் மன்றம் வேண்டாம் என்றால் அரசாங்கமே ஒன்றும் செய்ய முடியாது, சட்டம் அப்படி. 2000 ஜனவரியில் மன்றத்தில் 20 பேர் சரி என்றார்கள், 7 பேர் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகுதான், 2001இல், நாடாளுமன்றம் 159க்கு 3 என்று ஒப்புக்கொண்டது. முதியோர் இல்லம் இருந்த பழைய மாளிகையைக் கம்பெனி வாடகைக்கு எடுத்துக்கொண்டு, புது இல்லம் கட்டக் கடனும் கொடுத்தது. எல்லாம் ஒப்பந்தத்தில்.

ஸ்லைடு திருத்தி வந்தது. முதியோர் இல்லம் இருக்கிறது, பெரிய படத்தோடு. ஊர் மன்றம் வேண்டாம் என்று சொல்லலாம் என்ற வரியைக் காணோம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கிராம சபை. திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம். ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013இல் பன்னிரண்டு கிராம சபைகளும் மறுத்ததால் பாக்சைட் சுரங்கம் நின்றதை ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் சொன்னார், கைதட்டல். அங்கே வன உரிமைச் சட்டம் இருந்தது, உச்ச நீதிமன்றமே கிராம சபையைக் கேட்கச் சொன்னது. இங்கே இந்தத் தீர்மானம் மினிட்ஸ் நோட்டோடு சரி. வாத்தியாருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். முடிந்ததும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

ஆகஸ்ட் 28, புதன்

கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்பு. வாசலில் போலீஸ் வேன் மூன்று. மேடையில் டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்), மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, வீடியோகாரர். பிரியாணி பொட்டலம் ஏற்பாடு செய்திருந்தார்கள், ஊர்க்காரர்களில் பாதிப் பேர் தொடவில்லை.

ஓட்டெடுப்பு கிடையாது. பேசலாம், எழுதிக் கொள்வார்கள், கடைசியில் எழுதியதை மக்கள் முன் வாசித்துக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் விதி சொல்லும் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான்.

ஆயா மைக்கைப் பிடித்து மூன்று நிமிஷம் ஆடுகளைப் பற்றி மட்டுமே பேசியது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் நாலரைக்கு அதிகாரி வாசித்தார்: "ஓடை பாதிக்கப்படும் எனச் சிலர் தெரிவித்தனர்."

தம்பி எழுந்தான். "சார், ஓடைன்னு யாரும் பேசல. வரத்துக்கால்னுதான் பேசினோம். சிலர் இல்ல சார், எல்லாரும்."

மண்டபம் இரைந்தது. டி.ஆர்.ஓ. பேனாவை வாங்கி அடித்துத் திருத்தினார். என் இடத்திலிருந்து "வரத்துக்கால்" வரை தெரிந்தது, "எல்லாரும்" எழுதினாரா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

காண்ட்ராக்ட் இன்றோடு முடிகிறது. லேப்டாப், ஐ.டி. கார்டு, மீதிக் கையேடுகள், எல்லாம் ஒப்படைத்தேன். கம்பெனி சிம்மையும் கேட்டார்கள். கழற்றுவதற்குமுன் பார்த்தேன், தம்பியிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். அட்மின் பையன் ஊசியை நீட்டிக்கொண்டு நின்றான். என் சொந்த நம்பரிலிருந்து தம்பிக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்தேன்.