பருத்தித் தராசும் கொழுந்துத் தராசும்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்தித் தோட்டத்தில் வேலையாட்களின் நேரத்தையும் அவர்கள் பறித்த பருத்தியின் எடையையும் பதிந்துவந்த ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண், நிலக்காரர் பார்க்காத வேளைகளில் அவருடைய தராசின் நிறைகல்லைக் கழற்றிவிட்டு, தான் கொண்டுவந்த சரியான நிறைகல்லை மாட்டி, பறித்தவர்களுக்கு உரிய எடையை எழுதிக் கொடுத்தார். 1917இல் குத்தகைக் கூலிக் குடும்பமொன்றின் இருபதாவது பிள்ளையாகப் பிறந்து, ஆறு வயதிலேயே பருத்திக் காட்டில் இறங்கியவர் அவர். வேதாகமத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், ஆலயத்தில் பாடுகிறவர்.

கறுப்பின மக்களின் வரலாற்றில் நான் வாசித்தவற்றுள் என்னை விட்டு அகலாத செய்தி இது. மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் எங்கள் வாலிபர் கூட்டங்களில் அடிபடும். மொன்ட்கொமரி நகரில் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள் நீடித்த, பஸ்களில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்ததை எதிர்த்த பகிஷ்கரிப்பைப் பற்றிப் பிரசங்கத்தில் எப்போதாவது சொல்வார்கள். ஹேமரின் பெயரை மட்டும் எங்கள் ஆலயங்களில் நான் கேட்டதே இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் மலையகத் தமிழருக்கு மிகவும் நெருங்கியவர் அவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பகல் முழுவதும் பறித்ததை இன்னொருவர் கையிலுள்ள தராசில் வைத்துவிட்டு, அவர் சொல்லும் எண்ணுக்காகக் காத்து நிற்பது எப்படிப்பட்டது என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

என் தாயார் நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். பாடசாலை விட்டதும் நான் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய் அவரோடு நிற்பேன். கூடையிலிருந்து சாக்குக்கு மாற்றிய கொழுந்தைக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் ஆடி நிற்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணிலிருந்து சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகே புத்தகத்தில் ஏறும். வெயில் காய்ந்த ஒரு நாளில் அம்மா, “இன்னைக்கு ஒரு பொட்டு மழ இல்லீங்களே ஐயா, எந்த ஈரத்துக்குக் கழிக்கிறீங்க?” என்று கேட்டார். “எல்லாருக்கும் கழிக்கிறதுதான், தள்ளி நில்லு” என்பது பதில். அன்று இரண்டு கிலோ குறைவில் அவருக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழவில்லை, அரைப்பேர்தான். பின்னால் நின்ற பெண்கள் ஒருவரும் பேசவில்லை. அவர்களில் சிலர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எங்கள் வாங்கிலேயே அமர்ந்திருந்தார்கள்.

நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம், “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்” என்று தொடங்குகிறது. இந்த வசனத்தைக் கடைக்காரர்களுக்கான புத்திமதியாகவே சிறுவயதில் கேட்டு வளர்ந்தேன். தராசைத் தன் கையில் வைத்திருப்பவனுக்கும் அதன் முன்னே கைகட்டி நிற்பவளுக்கும் நடுவில் கடவுள் யார் பக்கம் நிற்கிறார் என்பதைச் சொல்லும் வசனமாக அதை எனக்குக் காட்டியவர், ஒரு போதகரும் அல்லர், இறையியல் கல்லூரி ஆசிரியரும் அல்லர், ஹேமர்தான்.

இப்படி வாசிக்கக் கூடாது என்பதில் எஜமானர்கள் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டார்கள். 1807இல் இலண்டனில், பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே பகுதிகளைப் பொறுக்கியெடுத்து ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டும் கீழ்ப்படிந்து உயர்ந்த கதை அதில் இருந்தது. மோசே பார்வோனிடம் போய் ஜனத்தை விடச் சொன்ன கதை இல்லை. வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் வசனம் இருந்தது. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற கலாத்தியர் வசனம் இல்லை. யாத்திராகமத்தை வெட்டியெடுத்தவர்கள் அதன் வலிமையை நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே நான் சொல்வேன்.

அந்த மேற்கிந்தியத் தீவுகள் எங்களுக்கு அத்தனை தொலைவில் இல்லை. 1837இல் இலங்கைக்கு வந்து, கோப்பிப் பயிர்ச்செய்கையில் மேற்கிந்திய முறையைப் புகுத்திய றொபேர்ட் பொய்ட் டைட்லர் என்ற துரை, அந்தத் தொழிலை ஜமெய்க்காவில் கற்றவர். அடிமைகளின் உழைப்பில் உருவான தோட்ட ஒழுங்கு, அங்கே அடிமைத்தனம் சட்டப்படி முடிவுக்கு வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், கண்டி மலைகளில் தமிழ்நாட்டுக் கூலிகளைக் கொண்டு மறுபடி நிறுத்தப்பட்டது. எங்கள் முன்னோர் சந்தையில் விற்கப்பட்டவர்கள் அல்லர். அந்தக் கொடுமையையும் எங்கள் துன்பத்தையும் சமமென்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளைக் கட்டிப்போட்ட முறை 1921 வரை இங்கே சட்டப்படி நடந்தது. மிசிசிப்பியில் அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் குத்தகைக் கூலிகளை நிலத்தோடு கட்டிவைத்ததும் தீராத கடன் கணக்குத்தான்.

எங்களுக்குச் சுவிசேஷம் வந்த வழியையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், கோப்பித் தோட்டத் துரைமாரின் பண ஆதரவோடு நடந்தது. தோட்டங்களில் எழுத்தறிவித்த முதல் பள்ளிகளில் பல அதன் உபதேசிமார் நடத்தியவை; அவர்களுக்கு நான் நன்றியுள்ளவள். ஆயினும் துரையின் சந்தாவில் நடக்கும் ஊழியத்தில் துரையின் தராசைப் பற்றிப் பேச எவருக்குத் துணிவு வரும்? அந்தப் பழக்கம் துரைமார் கப்பலேறிய பிறகும் எங்கள் பிரசங்க மேடைகளை விட்டுப் போகவில்லை. சம்பளப் போராட்டம் நடக்கும் வாரத்திலும் பொறுமையைப் பற்றியே பிரசங்கம் கேட்டிருக்கிறேன். “இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்று யாக்கோபு எழுதியதை அந்த வாரங்களில் எவரும் வாசித்து நான் கேட்டதில்லை.

கறுப்பின விசுவாசிகள் எஜமானர்களின் மதத்தை எஜமானர்களிடமே விட்டுவிட்டு, கிறிஸ்துவைத் தங்களோடு எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பிலடெல்பியாவில் ஒரு மெதடிஸ்த ஆலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர்களை முழங்காலிலிருந்து இழுத்து எழுப்பியபோது வெளியேறியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் அலன், 1816இல் ஆபிரிக்க மெதடிஸ்த எபிஸ்கோபல் திருச்சபையை நிறுவினார். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல், கிறிஸ்துவின் மார்க்கம் வேறு, இந்த நாட்டு அடிமைக்காரரின் மார்க்கம் வேறு என்று வெளிப்படையாக எழுதினார். வேறெங்கும் கூட முடியாதவர்கள் கூடிய இடம் ஆலயம் என்பதால், வாக்குரிமைக் கூட்டங்களும் அங்கேயே நடந்தன. 1963 செப்டெம்பரில் பர்மிங்ஹாம் நகரின் 16ஆம் தெரு பப்டிஸ்ட் ஆலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றவர்கள், ஆலயத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக அல்ல.

ஹேமரின் வாழ்க்கையும் ஓர் ஆலயத்தில்தான் திரும்பியது. 1962 ஓகஸ்டில், ரூல்வில் என்ற சிற்றூரின் ஆலயத்தில், காலங்களின் அடையாளங்களை நிதானித்துப் பார்க்க வேண்டும் என்ற பிரசங்கத்தை அவர் கேட்டார். கறுப்பினத்தவர்களுக்கு வாக்களிக்கும் உரிமை உண்டு என்பதையே அந்த நாட்களில்தான், 44 வயதில், அறிந்தார். ஓகஸ்ட் 31 அன்று மற்றும் பதினேழு பேரோடு ஒரு பழைய பஸ்ஸில் மாவட்டத் தலைநகருக்குப் போய் வாக்காளராகப் பதிய முயன்றார். மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள், வேண்டுமென்றே வைத்த பொறி அது, தேறவில்லை. திரும்பும் வழியில் பொலிஸார் பஸ்ஸை மறித்து, அதன் மஞ்சள் நிறம் அதிகம் என்று குற்றம் சாட்டித் தண்டம் விதித்தபோது, பயந்து உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் ஹேமர் ஞானப்பாட்டு ஒன்றை எடுத்துப் பாடினார். அன்றிரவே நிலக்காரர், விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் தோட்டத்தை விட்டுப் போ என்றார். நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்று சொல்லிவிட்டு, பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த இடத்தை விட்டு அந்த இரவிலேயே ஹேமர் வெளியேறினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் வினோனா நகரச் சிறையில் அவரை அடித்த அடி, சாகும்வரை உடம்பில் இருந்தது.

1964 ஓகஸ்ட் 22 அன்று, ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக் குழுவின் முன் இவை அனைத்தையும் அவர் சாட்சியாகச் சொன்னார். அந்தச் சாட்சியம் ஒளிபரப்பாகாமல் தடுக்க ஜனாதிபதி ஜோன்சன் அதே நேரத்தில் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். ஆயினும் அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தி நாடு முழுவதும் அதைக் காட்டியது. மிசிசிப்பியிலிருந்து ஹேமரோடு வந்திருந்த பிரதிநிதிகளுக்கு மாநாட்டில் இரண்டு ஆசனங்கள் தருகிறோம் என்று கட்சி சமரசம் பேசியபோது, இரண்டு ஆசனங்களுக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை என்று மறுத்தார்கள். அடுத்த ஓகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

அந்தச் சாட்சியத்துக்குச் சில வாரங்கள் பின்னர், 1964 ஒக்டோபர் 30 அன்று, எங்களைக் கேட்காமல் எங்களைப் பங்கு போட்டார்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எழுதி, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று மீதி வைத்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களின் குடியுரிமையையும், அடுத்த ஆண்டு வந்த தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்திருந்தன; 1947இல் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டத் தொழிலாளர், அதற்கடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. எஞ்சியிருந்த நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வாக்கில்லாதவனின் தராசை எவன் சரிபார்ப்பான்? மடுவத்தில் அம்மாவின் பின்னால் நின்ற பெண்கள் பேசாமல் இருந்ததை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். அரை நூற்றாண்டு காலம் ஓர் அரசு அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது.

எல்லாரும் பேசாமல் இருக்கவும் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியானார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், காணியைப் பிறருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்றபோது சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். மீனாட்சி அம்மை பாட்டுக் கட்டித் தோட்டம் தோட்டமாகப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். இவர்கள் எங்கள் சபைகளைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதற்காக இவர்களை ஆலயத்தில் நினைவுகூராமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. திருச்சபைக்குள்ளிருந்தும் சிலர் வந்தார்கள். இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் பிரஜாவுரிமையையும் சம்பளத்தையும் பற்றித் தன் வாழ்நாள் முழுவதும் பேசினார். 2023இல், எங்கள் முன்னோர் வந்திறங்கி இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைத்து, அவர்கள் நடந்த தடத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் பங்கெடுத்தது. 1965இல் வாக்குரிமை கேட்டுச் செல்மாவிலிருந்து மொன்ட்கொமரிக்கு நடந்தவர்களின் படங்களில் கன்னியாஸ்திரிகளையும் போதகர்களையும் பார்த்து ஏங்கிய எனக்கு, மலையகப் பெண்களோடு குருமார் வெயிலில் நடந்ததைப் பார்த்தது பெரிய ஆறுதல்.

ஆலயத்தில் அரசியல் பேசக் கூடாது என்று எங்கள் மூப்பர்கள் சொல்வதில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. தேர்தல் காலத்தில் தொழிற்சங்கக்காரர்கள் முன்வாங்கில் வந்து உட்கார்ந்து, வாக்கு எண்ணிய பிறகு காணாமற் போவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கட்சியை ஆலயத்துக்குள் விட வேண்டாம் என்பதில் நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். தராசை எந்தக் கட்சியோடும் சேர்க்க முடியாது. அது வேதத்தில் இருக்கிறது. நாளை காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும் பெண்ணின் வாழ்க்கையில் இருக்கிறது.

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சிலர் இப்போது ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். கொழுந்து பறிப்பவர்கள் ஒவ்வொரு நிறுவையிலும் தராசு காட்டிய எடையையும் கழித்த எடையையும் தங்கள் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள்; எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். சம்பளம் வந்த வாரத்தின் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, ஆலய மண்டபத்தில் சம்பளச் சிட்டையை அந்தக் கொப்பியோடு வைத்துப் பார்க்கிறோம். வருகிறவர்களில் பலர் இந்துக்கள். கோயில் கமிட்டியில் இருக்கும் ஓர் அக்காதான் எல்லாரிலும் ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறார். வித்தியாசங்களைத் தொகுத்துத் தோட்ட நிர்வாகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் கடிதம் எழுதுகிறோம். அதில் பெண்களின் கையெழுத்துகளுக்குக் கீழே போதகரும் மூப்பர்களும் கையெழுத்திட வேண்டும் என்று சபைக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறோம்.