சேனியின் கல்லறைக்குப் போய் வந்தேன்

ஜூன் 16, 2024, மெரிடியன், மிசிசிப்பி

வேலை நிமித்தம் இந்த ஊருக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. 1964-இல் வெள்ளை இனவெறியர்கள் கொன்ற உரிமைப் போராளி ஜேம்ஸ் சேனியின் ஊர் இது. 60 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், நெஷோபா வட்டாரத்தின் லாங்டேலில் கறுப்பின மக்களின் மவுண்ட் சயோன் தேவாலயத்தைக் கூ க்ளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறிக் கும்பல் எரித்து, அங்கிருந்தவர்களைக் கடுமையாகத் தாக்கியது. கறுப்பின மக்களுக்குப் படிப்பும் குடியுரிமையும் கற்றுத்தரும் சுதந்திரப் பள்ளி ஒன்றை நடத்த இடம் தர இசைந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

ஜூன் 20

கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைக்க மிசிசிப்பிக்கு வந்த தன்னார்வலர் ஆண்ட்ரூ குட்மனுக்கு அப்போது வயது 20. நியூயார்க்கின் யூதக் குடும்பத்துப் பிள்ளை. மெரிடியனுக்கு வந்து சேர்ந்ததும், ஊரும் மக்களும் அருமை என்று பெற்றோருக்கு அஞ்சலட்டை எழுதினார். 1964 ஜூன் 21 அன்று, எரிந்த தேவாலயத்தைப் பார்க்க, இந்த ஊர்க் கறுப்பின இளைஞர் ஜேம்ஸ் சேனியுடனும் நியூயார்க் யூதரான மைக்கேல் ஷ்வெர்னருடனும் போனார். அவர்களும் உரிமைப் போராளிகளே. வட்டாரக் காவல் அதிகாரியான துணை ஷெரீப் மூவரையும் சிறைவைத்து, இரவில் விடுவித்து, மீண்டும் வழிமறித்துக் கொலைகாரர்களிடம் ஒப்படைத்தார். 44 நாட்கள் கழித்து ஒரு மண் அணைக்கடியில் உடல்கள் கிடைத்தன.

காணாமல் போனவர் சேனி ஒருவர் மட்டுமாக இருந்திருந்தால் இத்தனை பேர் தேடி வந்திருக்க மாட்டார்கள் என்று ஷ்வெர்னரின் மனைவி ரீட்டா செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் தேடலின்போதே சார்ல்ஸ் மூர், ஹென்றி டீ என்னும் கறுப்பின இளைஞர்கள் இருவரின் உடல்கள் மிசிசிப்பி ஆற்றில் கிடைத்தன. மே மாதமே அவர்கள் காணாமல் போயிருந்தும் அவர்களை நாடு தேடவில்லை. கணவனின் கதி தெரியாமல் தவித்த வேளையிலும், தன் துயரத்தின் மீது விழுந்த வெளிச்சத்தைச் சேனியின் பக்கம் திருப்பிய அந்தப் பெண்ணின் நேர்மையை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 22

ஷ்வெர்னரின் பெற்றோர் அவரைச் சேனியின் அருகிலேயே அடக்கம் செய்ய விரும்பினார்கள். இனவாரியாகப் பிரித்து வைத்திருந்த இடுகாடுகளில் அதற்கு வழியில்லை. 2005-இல்தான், அந்தக் கொலைகளை ஏற்பாடு செய்த கிளான் ஆள் எட்கர் ரே கில்லனுக்கு எதிராக மாநில வழக்கு நடந்தது. சேனியின் தாய் ஃபேனி லீயும் குட்மனின் தாய் கேரொலினும் சாட்சி சொன்னார்கள். கொலை நடந்து சரியாக 41 ஆண்டுகள் ஆன நாளில் தீர்ப்பு வந்தது.

இன்று சேனியின் கல்லறைக்குப் போனேன். விஷமிகள் சாய்த்துத் தள்ளிய கல், பின்னால் இரும்புத் தாங்கிகள் முட்டுக்கொடுக்க நிற்கிறது. அதன் மேல்விளிம்பில் யாரோ ஐந்தாறு கூழாங்கற்களை வைத்திருந்தார்கள். இறந்தவரை மறக்கவில்லை என்பதற்கு அடையாளமாக யூதர்கள் கல்லறையில் கல் வைப்பது வழக்கம். ஒன்று மட்டும் புல்லில் விழுந்து கிடந்தது. அதை எடுத்து மேலே வைத்துவிட்டு வந்தேன்.