ஆத்தாவின் நோட்டிலிருந்து வாடகை ஒப்பந்தத்துக்கு

காரைக்குடியில் எங்கள் பெரிய வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டு வீடு. ஒரு தையல்காரர் குடும்பம் இருபது வருடமாகக் குடியிருக்கிறது. மாதம் 3,500 ரூபாய். கணக்கெல்லாம் ஆத்தாவின் கோடு போட்ட நோட்டில்தான். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் 'அட்வான்ஸ் 10,000'.

ஆத்தா போனபின் வக்கீலிடம் கேட்டோம். நோட்டு போதாது என்றார். தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 22.2.2019 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. நகர்ப்புறத்தில் வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பு கட்டட மதிப்பை வைத்து 'நியாய வாடகை' நிர்ணயிக்கக் கேட்கலாம். இப்போது இருவரும் பேசி எழுதுவதுதான் வாடகை. எப்போது எவ்வளவு கூட்டுவது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

சரி, எழுதலாம் என்று போனால், யார் கையெழுத்துப் போடுவது? வீட்டு வரி ரசீது இன்னும் அப்பச்சி (எங்கள் அப்பா) பேரில். பங்கு எங்கள் நால்வருக்கும். வாரிசுச் சான்று வாங்கி, பேர் மாற்றி, பினாங்கில் இருக்கும் தம்பியிடம் பவர் பத்திரம் வாங்குவதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிட்டது. செட்டிநாட்டில் பல வீடுகளுக்கு இதே நிலைமைதான். பங்காளிகள் இருக்கும்போதே பேர் மாற்றி வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தையல்காரருக்கு வேறு பயம். "ஆச்சி, கையெழுத்து வாங்கிட்டுக் காலி பண்ணச் சொல்லிருவீகளோ?" என்றார். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். நினைத்தபோது வாடகையைக் கூட்ட முடியாது, தண்ணீர், கரண்டை நிறுத்த முடியாது என்றதும் அவர் முகம் தெளிந்தது. வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது; எங்கள் பத்தாயிரம் அதற்குள்தான்.

ஆதார், பான், போட்டோ எல்லாம் இணையத்தில் ஏற்றினோம். பதிவு எண் வந்தது.

பராமரிப்பு பற்றியும் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடத்தின் பெரிய ரிப்பேர், வெள்ளையடிப்பு எங்கள் பொறுப்பு. ஓட்டில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். அதற்கே நாலு மாத வாடகை போகும். கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.