மாமியின் முன்னால் சொன்ன பதில்

"நான் சொந்த மச்சானை முடிச்சதாலயா மிஸி, பிள்ளைக்கு இப்பிடி வந்தது?" என்று அந்தத் தாய் கேட்டபோது, தாதியான என் கைகள் இரண்டும் குவிந்தபடி அவருடைய மகனின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தன. தட்டுவதை நிறுத்தாமலே, "அப்பிடியெல்லாம் இல்லைத் தங்கச்சி" என்றேன். ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. அந்தப் பதிலை இன்னும் எனக்குள்ளே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. மாறாத இருமலுக்கும் சளிக்கும் பல இடங்களில் மருந்தெடுத்த பிறகு, கொழும்பில் செய்த வியர்வைப் பரிசோதனையில் குளோரைட்டின் அளவு லீற்றருக்கு 60 மில்லிமோலைத் தாண்டியிருந்ததால், சளியைத் தடிக்கவைத்து வியர்வையில் உப்பைக் கூட்டும் பரம்பரை நோயான சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்று உறுதியாகி எங்கள் ஆஸ்பத்திரி விடுதிக்கு வந்திருந்தான். பிள்ளையைக் கொஞ்சினால் உப்புக் கரிக்கிறது என்று கைக்குழந்தைக் காலத்திலிருந்தே சொல்லி வந்ததாகத் தாய் என்னிடம் கூறினார். நிலாவெளிப் பக்கத்துக் கடற்காற்று என்று எல்லோரும் அதைத் தட்டிக்கழித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கவனித்திருக்க வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

சாப்பாட்டுக்கு முன் உப்புநீரை நெபுலைசரில் கொடுத்துச் சளியை இளக்குவது, பிறகு பக்கம் மாற்றிப் படுக்கவைத்து முதுகிலும் விலாவிலும் தட்டுவது, இருமித் துப்பப் பழக்குவது, சதையி (கணையம்) சுரக்காத சமிபாட்டு நொதியத்தை ஒவ்வொரு வேளை உணவோடும் கொடுப்பது, கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் வியர்வையோடு போகும் உப்பை ஈடுசெய்வது, இவை எல்லாவற்றையும் அந்தத் தாய் இரண்டே நாளில் என்னிடமிருந்து கற்றுக்கொண்டார். இவ்வளவையும் கற்பித்த நான், அவர் கேட்ட ஒரேயொரு கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். கட்டிலின் மறுபக்கத்தில் அவருடைய மாமி இருந்தார். அந்தத் தாயின் தகப்பனுடைய கூடப்பிறந்த தங்கை என்றாலும், பிள்ளைக்கு வருத்தம் என்று வந்த பிறகு அவரும் மாமியாராகவே பேசத் தொடங்கியிருந்தார். "ஓம்" என்று நான் சொல்லியிருந்தால், அந்த வீட்டில் பழி யார் தலையில் விழுந்திருக்கும்?

நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. சொந்தத்தில் கலியாணம் முடிப்பது இந்த நோயை உண்டாக்குவதில்லை. 7 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள (குரோமோசோம்) ஒரு பரம்பரையலகு (ஜீன்) தாயிடமும் தகப்பனிடமும் பழுதாக இருந்து, இரண்டு பழுதும் ஒரே பிள்ளைக்குப் போனால்தான் நோய் வரும். அந்நியத்தில் முடித்தவர்களுக்கும் அது நேரலாம். ஆனால் மச்சானும் மச்சாளும் ஒரே பாட்டன் பாட்டியின் வழியில் வந்தவர்கள் என்பதால், ஒரே பழுது இருவரிடமும் இருப்பதற்கான வாய்ப்புக் கூடுகிறது. இதைச் சொல்ல எனக்கு மூன்று நிமிடம் போதும். மாமி தேத்தண்ணீர் குடிக்கப் போகும்வரை பொறுத்திருந்தும் சொல்லியிருக்கலாம். "வைத்தியரைக் கேளுங்கோ" என்றாவது சொல்லியிருக்கலாம். கொழும்பில் ஏதோ விளங்கப்படுத்தினார்கள், தனக்குப் பிடிபடவில்லை என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

எட்டு மாதம் கழித்துக் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. "நீங்க இல்லை எண்டு சொன்ன பிறகுதான் மிஸி துணிஞ்சன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்ட கேள்வி நடந்து முடிந்ததைப் பற்றியது மட்டுமல்ல, இனி வரப்போகும் பிள்ளையைப் பற்றியதும்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதற் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அது குறைவதில்லை.

அன்றே வைத்தியரிடம் சொன்னேன். அவர் கணவனையும் மனைவியையும் இருத்தி, பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாய் இடையில் ஒருமுறை என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

முன்னரே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கு நானே வாதாடிப் பார்க்கிறேன். இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே கருவுற்ற பின் அறிவதால் பெரிதாக எதுவும் மாறியிராது. கருவுறும் முன் அறிந்திருந்தால்? அந்த இடத்தில் என் வாதம் நின்றுவிடுகிறது. பிறகு, அறிந்திருந்தால் இந்தக் குழந்தையே இல்லை என்ற எண்ணமும் வருகிறது. அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

பெண் குழந்தை. ஆறு வாரமாகிறது. வியர்வைப் பரிசோதனைக்கு வேண்டிய வயதும் எடையும் வந்துவிட்டன. கொழும்புக்குத் திகதியும் எடுத்தாயிற்று. அதை நினைவூட்டத் தொலைபேசியில் அழைத்தபோது, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"உப்புக் கரிக்குதா தங்கச்சி?"

"நான் இன்னும் கொஞ்சிப் பார்க்கேல்லை மிஸி" என்றார்.